முயலைத் துரத்தாத நாய், பறவையைத் தேடாத வில்

முதலில் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் இடது கட்டைவிரல் நகத்தின் நடுவில் வரப்பு வெட்டியதுபோல ஒரு மேடு இருக்கிறது. 1965-இல் எனக்குப் பதினோரு வயது. சின்ன மாமா திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய உண்டைவில்லை எடுத்து, நாணை இழுத்து விட்டேன். களிமண் உருண்டை வேலியை நோக்கிப் போகவில்லை. என் விரலுக்கே வந்தது. அலறல் கேட்டு எழுந்த மாமா என் விரலைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார், "மணிக்கட்டைத் திருப்பினாயா?" என்று மட்டும் கேட்டார். போன வருடம் என் பேரனிடம் நான் அதையே கேட்டேன். அவனும் என்னைப் போலவே அழுதுகொண்டு இல்லை என்று தலையாட்டினான்.

கன்னி என்கிற வேட்டைநாய் இனத்தில் குட்டி வாங்கியவர்கள், உண்டைவில் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்று யாராவது என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டில் இருக்கிறது. தை பிறந்து கம்பும் சோளமும் அறுவடையாகிவிட்டால், காட்டில் தாள்கட்டை மட்டும் நிற்கும். விடிவதற்கு முன்பே தாத்தா, மாமா, நான், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், இரண்டு நாய்கள் எனக் கிளம்பிவிடுவோம். கன்னியும் சிப்பிப்பாறையும் மோந்து தேடுகிற நாய்கள் அல்ல. கண்ணால் பார்த்து ஓடுகிறவை. அதனால் முயலைக் கிளப்பிக் காட்டுவது மனிதன் வேலை. முயலோ லேசில் கிளம்பாது. புல் தூருக்கடியில் உடம்பளவுக்குப் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். ஓர் எட்டு தள்ளி நடந்து போனாலும் அசையாது. அங்கேதான் மாமாவின் வில்லுக்கு வேலை. நாய் நுழைய முடியாத முள் புதருக்குள் ஓர் உருண்டையை அடிப்பார். சலசலப்பில் முயல் வெளியே பாயும். தாத்தா கழுத்துப்பட்டை வளையத்தில் கயிற்றைக் கோத்து, இரண்டு நுனிகளையும் கையில் சேர்த்துப் பிடித்திருப்பார். ஒரு நுனியை விட்டால் போதும், கயிறு உருவிக்கொண்டுவிடும், நாய் பறந்துவிடும்.

இளம் நாய் மின்னி, முயலின் வாலைப் பார்த்தே ஓடும். முயல் சட்டென்று திரும்பும்போது இது நேராகப் போய் மண்ணில் புரளும். கிழட்டுப் பெட்டை அப்படியில்லை. பாதி வேகத்தில் ஓரமாகவே வரும். முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டு அங்கே போய் நிற்கும். அப்படியும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் முயல்தான் ஜெயித்தது. வெறுங்கையோடு திரும்பும் நாளில் மாமாவின் இடுப்புத் துணியில் ஒரு கௌதாரியோ இரண்டு காடையோ இருக்கும். என்ன கிடைத்தாலும் நாய்களின் பங்கை முதலில் வைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. எங்கள் ஊருக்குள் அது வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. பக்கத்து ஊரில் ஒருவர் முயலோடு பிடிபட்டு அபராதம் கட்டிய பிறகு, தாத்தா வில்லைப் பரணில் போட்டுவிட்டார். நானும் நிறுத்தினேன். ஜீவகாருண்யத்தால் நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். பயந்துதான் நிறுத்தினேன். இரக்கமெல்லாம் மெதுவாக, வயதாக ஆகத்தான் வந்தது.

இன்றைக்கும் சிலர், "கொல்ல மாட்டோம் ஐயா, நாய் சும்மா விரட்டிப் பார்க்கட்டும்" என்கிறார்கள். அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கே விரட்டுவதும், பிடிப்பதும், அதற்கு முயற்சி செய்வதும் சேர்த்துத்தான் பொருள். முயல், கௌதாரி, காடை எதற்கும் இது பொருந்தும். மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிசலில் இப்போது மயில் இல்லாத புஞ்சை இல்லை. அவிழ்த்துவிட்ட நாய் முதலில் அதைத்தான் துரத்தும். ஆகவே இனி நான் சொல்லப்போகும் வில் தகர டப்பாவை அடிக்க, நாய் துணிப்பந்தைத் துரத்த. வேறு எதற்கும் என்னைக் கேட்டு வர வேண்டாம்.

உண்டைவில்

கவட்டைக் கொம்பில் ரப்பர் கட்டியதைத்தான் பலரும் உண்டிவில் என்கிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. அம்பு விடும் வில்லைப் போலவே மூங்கிலில் செய்தது. ஆனால் நாண் இரண்டு. நடுவில் சிறு பை. அம்புக்குப் பதில் களிமண் உருண்டை.

கல்மூங்கில்தான் வேண்டும். கரிசலில் அது விளையாது. நாங்கள் திருவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து வாங்கி வருவோம். பச்சையும் பளபளப்புமாக இருக்கும் இளங்கழியைத் தொடாதீர்கள். மேல்தோல் மங்கியிருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நான்கரை அடி நீளத்துக்கு வெட்டி, பிளந்து, நடுவில் இரண்டு விரல் அகலம், நுனிகளில் ஒரு விரல் அகலம் வருமாறு செதுக்குங்கள். செதுக்குவதெல்லாம் உள்பக்கத்தில்தான். மூங்கிலின் வலுவெல்லாம் தோலிலும் அதை ஒட்டிய நாரிலும் இருக்கிறது. அந்தத் தோல் பக்கம் இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அதில் கத்தி பட்டால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். தாத்தா கழியை அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு மாதம் புகையில் போட்டுவைப்பார், உளுக்காமல் இருக்கும் என்று. எரிவாயு அடுப்புக்கு மேலே அது நடக்காது. நிழலில் இரண்டு மாதம் காயவைத்து வேப்பெண்ணெய் தடவுகிறேன். இதுவரை உளுக்கவில்லை.

காய்ந்த பிறகு ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, நடுவை அழுத்தி, மேலும் கீழும் ஒரேபோல வளைகிறதா என்று பாருங்கள். எந்தப் பாதி விறைப்பாக நிற்கிறதோ அந்தப் பாதியின் உள்பக்கத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுங்கள். இரண்டு சுரண்டல், ஒரு வளைப்பு. இரண்டு சுரண்டல், ஒரு வளைப்பு. இதில் அவசரப்பட்டு நான் கெடுத்த கழிகளைக் கொண்டு ஒரு பந்தல் போட்டிருக்கலாம்.

அந்தக் காலத்தில் மருள் நாரைத் திரித்து நாண் செய்தோம். இப்போது வலை பின்னும் நைலான் நூலை மூன்று புரியாகத் திரித்தால் போதும். தூண்டில் நரம்பு வேண்டாம், இழுபடும். இரண்டு நாண்களையும் பக்கம் பக்கமாகக் கட்டி, மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் ஒரு சாண் உள்ளே தள்ளி, நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி ஒரு சிறு குச்சியை வைத்து இறுக்குங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்தி நூலால் பை பின்ன வேண்டும். பின்ன வராதவர்கள் மெல்லிய தோலைத் தைத்துக்கொள்ளலாம். நாணேற்றிய வில்லில், தண்டுக்கும் நாணுக்கும் நடுவே, கட்டைவிரலை நிமிர்த்திய கைப்பிடி ஒன்று நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிடுங்கள். ஏற்றியபடியே விட்டால் மூங்கில் அந்த வளைவிலேயே படிந்து சோம்பேறியாகிவிடும்.

உருண்டைக்குக் கரிசல் மண் ஆகாது. ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. எங்கள் காட்டு மண்ணிலேயே உருட்டிப் பார்த்து, மறுநாள் காலையில் தூளாகக் கிடந்ததைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். பானை செய்யும் வேளாரிடம் ஒரு சட்டி களிமண் கேட்டு வாங்குங்கள். கோலிக்குண்டு அளவுக்கு, எல்லாம் ஒரே அளவாக உருட்டி, நிழலில் நான்கு நாள் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று விரிசல் விடும். அளவு ஒத்திருக்க வேண்டும் என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். எடை மாறினால் ஒன்று டப்பாவுக்கு மேலே போகும், அடுத்தது கீழே போகும்; குறி தவறியதாக நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி மணிக்கட்டு. அம்பு தண்டின் ஓரமாக உரசிக்கொண்டு போய்விடும். உருண்டைக்கு அந்த வசதி இல்லை. அது போகும் வழியில் நேராகத் தண்டும் உங்கள் கட்டைவிரலும் நிற்கின்றன. இடது கையில் வில், வலது கையில் பை என்றால், பையைத் துளி வலப்பக்கம் ஒதுக்கி இழுங்கள். விடும் அந்தக் கணத்தில் இடது மணிக்கட்டை இடப்பக்கமாகச் சுண்டித் திருப்புங்கள். தண்டு வழிவிடும், உருண்டை கடந்துவிடும். சொல்ல ஒரு வரிதான், கைக்கு வர ஒரு மாதம். சிலர் வெறும் நாணை இழுத்து விட்டுப் பழகுகிறார்கள். அது வில்லைக் கெடுக்கும். நாணின் வேகம் முழுவதும் மூங்கிலிலேயே இறங்கி விரிசல் விடும். துணியைச் சுருட்டி நூல் கட்டிய உருண்டையில் முதல் இருநூறு அடிகளைப் பழகுங்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளுங்கள். இதை நான் பேரனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா?

பத்து எட்டு தூரத்தில், பின்னால் வைக்கோல் படப்போ மண்சுவரோ இருக்கும் இடத்தில் டப்பாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். உருண்டை சிதறும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அடிப்பவருக்கு முன்னால் கோழி உட்பட யாரும் நிற்கக் கூடாது.

நாய்

எங்கள் பக்கத்தில் கருப்பில் காலும் முகமும் செம்பழுப்பாக, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டோடு இருப்பதுதான் கன்னி. வெளிர்நிறமாக இருந்தால் பால்கன்னி. செவலை, சாம்பல் போன்ற ஒற்றை நிறங்களைச் சிப்பிப்பாறை என்பார்கள். விருதுநகர் மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. இராஜபாளையம் வெள்ளை நாய் இன்னும் கனத்த உடம்பு, காவலுக்குப் பேர்போனது. 2005-இல் தபால்துறை நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையத்துக்குக் கிடைத்தது, எங்கள் கன்னிக்குக் கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒன்று மட்டும்: வெள்ளைக் குட்டி வாங்குகிறவர்கள் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த நிறத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு.

குட்டியை ஐம்பது நாளுக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயையாவது நேரில் பாருங்கள். முடிந்தால் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடாத தாயின் அழகான குட்டியைவிட, ஓடும் தாயின் சுமாரான குட்டி மேல். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, விரல்கள் கூடிய பாதம் இவற்றைப் பாருங்கள். ஆளைக் கண்டு மூலைக்கு ஓடும் குட்டியும் வேண்டாம், எல்லாவற்றையும் கடிக்கும் குட்டியும் வேண்டாம். கடுவனா பெட்டையா என்று கேட்டால், என் ஓட்டு பெட்டைக்கு.

பெயர் சுருக்கமாக இருக்கட்டும். காற்றில் கூப்பிட வேண்டுமே. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கள்ளர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் கோவிவன் என்று ஒரு குட்டிக்கு வைத்துப் பார்த்தேன். காற்றில் "இவன், இவன்" என்றுதான் கேட்டது. அது திரும்பவே இல்லை. இப்போது இருப்பவள் செல்லி.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து அடிக்கடி கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் அட்டவணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும்படி நேர்ந்தால் மட்டும், "இது ஓட்ட நாய், உடம்பில் கொழுப்பு கிடையாது" என்று நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். இந்த உடல்வாகில் சில மயக்க மருந்துகள் கலைய நேரமாகும். சோறு விஷயத்தில் நாங்கள் கம்பங்கூழும் மோரும் ஊற்றி வளர்த்தோம். அது பத்தாது என்பது இப்போது தெரிகிறது. முட்டையும் கறியும் சேருங்கள். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். விலா எலும்பு கடைசி இரண்டு மூன்று லேசாகத் தெரிய வேண்டும்; நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள், "பாவம், பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்டால் எடை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஒரு சாம்பல் குட்டி வளர்த்தேன். ஆறு மாதத்திலேயே என் மொபெட்டுக்குச் சமமாக ஓடியது. பெருமை தாங்காமல் தினமும் தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். எட்டாம் மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டு வீங்கியது. நடந்தது, வாழ்ந்தது, ஓடவில்லை. எலும்பு வளர்ந்து முடியும் முன் யாரும் நாயை ஓட்டக் கூடாது. ஒரு வயது ஆகும்வரை அது தானாக விளையாடி ஓடுவதோடு சரி. பதினைந்து மாதத்துக்குப் பிறகு முழு ஓட்டம் பழக்கலாம்.

முயலுக்குப் பதிலாக ஒரு துணிப்பந்து. அதை இழுக்க ஒரு பழைய சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தின் டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, ரிம்மில் நூல்கயிற்றின் ஒரு முனையைக் கட்டுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் பருத்திக் கயிறு, 80 மீட்டர். நைலான் வேண்டாம், காலில் சுற்றினால் அறுத்துவிடும். மறுமுனையில் வெள்ளைத் துணிப்பந்து. கையால் பெடலைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் கயிறு சுருளும். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் மணிக்கு 38 கிலோமீட்டர் வேகம். செல்லிக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் தோள் கழன்றுவிடும். அதனால் பெடல் இப்போது பேரன் கையில். கயிறு நேராக ஓடும் பாதையில் நாயை விடாமல், ஓரெட்டு தள்ளி நின்று விடுங்கள். தாத்தாவின் அதே இரட்டை நுனிக் கயிறுதான் இதற்கும். பந்து நாற்பது மீட்டர் போகட்டும், பிறகு ஒரு நுனியை விடுங்கள். சைக்கிளுக்குப் பதினைந்து மீட்டருக்கு முன்பே பெடலை நிறுத்திவிட வேண்டும். நாய் பந்தைப் பிடித்துக் குலுக்கட்டும். ஒருதடவையாவது பிடிக்கவிடாமல் ஏமாற்றினால், மூன்றாம் நாள் அது உட்கார்ந்து உங்களையே பார்க்கும்.

கழுத்துப்பட்டை அகலமாக இருக்க வேண்டும். இந்த நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஒரே பருமன். சாதாரணப் பட்டையை உருவிக்கொண்டு போய்விடும்.

இடம் முக்கியம். சித்திரை வைகாசியில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். ஒரு வெடிப்பில் என் முழங்கைவரை போயிருக்கிறது. ஓடும் நாயின் கால் அதில் போனால் முறிவுதான். மழைக்காலத்தில் மண் காலில் அப்பிக்கொள்ளும். வைப்பாற்று மணல் புதையும். தண்ணீர் வற்றிய கண்மாயின் உள்ளே, புல் முளைத்த தரைதான் சிறந்தது. எங்கே ஓடினாலும், அந்த 80 மீட்டரையும் முதலில் நீங்கள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கண்ணாடி, முள், கல் எதுவும் உங்கள் பாதத்துக்குத் தப்பாது. மயிலும் முயலும் அங்கே இருந்தால் தெரிந்துவிடும். இருந்தால் அன்றைக்கு வேறு இடம்.

விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்து, ஏழு மணிக்குள் முடியுங்கள். பத்து நிமிடம் நடத்திவிட்டு ஓட விடுங்கள். மூன்று ஓட்டம், நடுவில் இளைப்பு, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள். ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஒரு மணி நேரத்துக்குச் சோறு கிடையாது. ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்குச் சாப்பிட்டதும் ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூச்சு இறைப்பு பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் நிழலில் படுக்கவைத்து வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் விட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லி திண்ணைக்குக் கீழே படுத்துக் காலை நீட்டுவாள். பதினாறு விரல்களின் இடுக்கையும் ஒவ்வொன்றாக விரித்து நெருஞ்சி முள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். காதின் உள்மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். பேரன் அதற்குள் வில்லில் நாணேற்றத் தொடங்கிவிடுவான். டியூப் மாட்டினாயா என்று நான் இங்கிருந்தே கத்துவேன்.